இறைக்கிற கிணறு

ஆள் யாரென்று தெரியும். எந்தத் தெருவில் வீடு, யாருக்குச் சம்பந்தி, மகன் எங்கே வேலை பார்க்கிறான், எல்லாம் தெரியும். பெயர் மட்டும் தொண்டைக்குழியில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அடிக்கடி நேர்கிற இந்தச் சங்கடத்தை மறதி நோயின் ஆரம்பம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. பயம் வேண்டாம். நினைவே அழிந்திருந்தால் 'எனக்குத் தெரியும்' என்ற உணர்வும் கூடவே போயிருக்கும். ஆளைப் பற்றிய செய்திகள் மூளையில் ஒரு பக்கம், பெயரின் ஒலி இன்னொரு பக்கம். நடுவில் இருக்கிற ஒற்றையடிப் பாதை நடமாட்டம் இல்லாமல் புல் மூடிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மற்ற சொற்களைவிட ஆட்களின் பெயரே அதிகம் சிக்குவதற்குக் காரணம் உண்டு. ஒருவரைப் 'பூ வியாபாரி' என்று அறிமுகப்படுத்தினால் மல்லிகை வாசம், வாழைநார், ஈரக்கூடை, விடிகாலை மார்க்கெட் எல்லாம் கூடவே வந்து ஒட்டிக்கொள்கின்றன. 'இவர் பெயர் பூவராகன்' என்றால் ஒட்டிக்கொள்ள எதுவும் இல்லை. முதலாமவருக்குப் போக நாலைந்து வழி, இரண்டாமவருக்கு ஒரே வழி. அந்த ஒன்று அடைத்துக்கொண்டால் முடிந்தது.

சிக்கிய பெயரை என்ன செய்வது? 'விடாமல் யோசி, மூளைக்கு நல்ல பயிற்சி' என்பது வீட்டு வைத்தியம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எமி வாரினரும் கேரின் ஹம்ஃப்ரீஸும் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். சொல் சிக்கியவர்களைச் சில சொற்களுக்குப் 10 விநாடியும் சில சொற்களுக்கு 30 விநாடியும் தவிக்க விட்டு, பிறகு விடையைச் சொன்னார்கள். பின்னொரு நாள் அதே சொற்களைக் கேட்டபோது, அதிக நேரம் தவிக்க விடப்பட்ட சொற்களே மறுபடியும் அதிகம் சிக்கின. முட்டிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு விநாடியும் அந்த முட்டுச்சந்துக்குப் போகும் வழியையே மூளை மனப்பாடம் செய்துகொள்கிறது.

ஆகவே பத்து விநாடி போதும். அதற்குள் அ, ஆ, க, ச என்று முதலெழுத்துகளை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். அவரைக் கடைசியாக எங்கே பார்த்தோம் என்று அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். வரவில்லையா, கேளுங்கள் அல்லது தேடுங்கள். எல்லாரும் தவறுவது இதற்குப் பிறகுதான். பெயரைப் பார்த்ததும் 'ஆமா, அவரேதான்' என்று சொல்லிவிட்டுப் போனை மூடிவிடுகிறோம். அடுத்த வாரம் அதே பெயர் அதே இடத்தில் சிக்குகிறது. செய்ய வேண்டியது: திரையை மூடிவிட்டு, அவர் முகத்தை மனதில் நிறுத்தி, பெயரை வாய்விட்டு இரண்டு மூன்று தடவை சொல்வது. அரை மணி கழித்து எதையும் பார்க்காமல் ஒரு தடவை. இரவு படுக்கும்போது ஒரு தடவை.

கடைசி இரண்டும்தான் முக்கியம். நினைவாற்றலைப் பற்றி ஆய்வுக்கூடங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்த்துவைத்திருப்பதில் அன்றாடத்துக்கு மிகவும் பயன்படுகிற பாடம் இது: உள்ளே போடுவதால் நினைவு அவ்வளவாக வலுப்பதில்லை, வெளியே எடுப்பதால் வலுக்கிறது. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அதுதான்.

ஐந்து நிமிட வெற்றி

2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு வகையில் அதையே இன்னொரு முறை படிக்கச் சொன்னார்கள். மற்றொரு வகையில் கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டு, வெள்ளைத்தாளில் நினைவிருப்பதை எழுதச் சொன்னார்கள். எழுதியது சரியா தவறா என்றுகூடச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு தடவை படித்தவர்கள் 81 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56.

மாணவர்களை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிட வெற்றிதான். இரண்டாம் தடவை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. 'இது தெரிஞ்சதுதான்' என்று தோன்றுகிறது. கண்ணுக்குப் பழகியதை மனதுக்குத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். திரும்பத் திரும்பப் படித்தவர்களே 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிக நம்பிக்கையோடு சொன்னதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. மஞ்சள் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடு போடுவது, அழகான கையெழுத்தில் நோட்ஸ் எடுப்பது எல்லாம் இந்த வகைதான். உழைத்த திருப்தி தரும். தேர்வறையில் உதவாது.

டிஎன்பிஎஸ்சிக்கோ வங்கித் தேர்வுக்கோ படிக்கிறவர்கள் செய்யக்கூடியது இது. மூன்று நான்கு பக்கம் படியுங்கள். புத்தகத்தை மூடி எட்டாத தூரத்தில் வையுங்கள். மடியில் திறந்து வைத்துக்கொண்டு எழுதுவது ஏமாற்று வேலை. வெள்ளைத்தாளில் ஏழெட்டு நிமிடம் தலைப்பு, ஆண்டு, பெயர், காரணம் என்று வந்த வரிசையில் கொட்டுங்கள். நின்றுபோனால் உடனே புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நிமிடம் காலியாக உட்காருங்கள். பெயர் போல ஒற்றைச் சொல் சிக்கினால் மட்டும் பத்து விநாடிக் கணக்கு, மற்றபடி தொடர்ச்சியான செய்தி சிறிது நேரம் கொடுத்தால் ஒன்றைப் பிடித்து ஒன்று வரும். பிறகு திறந்து, வேறு நிறப் பேனாவால் விட்டதையும் தவறானதையும் குறியுங்கள். அந்த நிறம் விழுந்த இடங்களை மட்டும் மறுபடி படியுங்கள். மறுநாள் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால் முதல் வேலை வெள்ளைத்தாள்.

சரிபார்க்காமல் விடுவது ஆபத்து. தப்பான விடையையும் எடுக்க எடுக்க அது கெட்டிப்படும். இன்னொரு கோளாறு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை மட்டுமே பழகுவது. கண்டு அடையாளம் சொல்வது வேறு, காணாமல் எடுத்துச் சொல்வது வேறு. கேள்வியைப் படித்ததும் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் மனதுக்குள் சொல்லிவிடுங்கள். பிறகு கையை எடுங்கள்.

தேர்வு எதுவும் எழுதாதவர்களுக்கும் இது பொருந்தும். மளிகைச் சீட்டை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பார்க்காமல் வாங்கி, பில் போடும் முன் எடுத்துச் சரிபார்க்கலாம். காலையில் படித்த செய்தி ஒன்றை மாலையில் வீட்டில் யாருக்காவது பேப்பரைப் பார்க்காமல் சொல்லலாம். கல்யாண வீட்டில் புதிதாகப் பார்த்த ஐந்து பேரின் பெயரைத் திரும்பி வரும் பஸ்ஸிலேயே எடுத்துப் பார்க்கலாம். வீட்டில் உள்ள மூன்று பேரின் எண்ணையாவது விரலால் அழுத்திக் கூப்பிடுங்கள். போன் தொலைந்த அன்று, இரவல் போனில் கூப்பிட அதுதான் கை கொடுக்கும்.

கல்யாணப் பத்திரிகையும் ஐந்து அறைகளும்

எடுப்பது எவ்வளவு முக்கியமோ, எப்போது எடுக்கிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, தன்னையே சோதனைப் பிராணியாக்கி, 1885இல் புத்தகம் போட்டார். மறந்ததை மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஆறாம் நாள் 25. ஒரு மாதம் போனபின்னும் 21. பள்ளத்தில் உருண்ட கல் போல முதலில் தடதடவென்று விழுந்து, பிறகு சமதரையில் மெதுவாக நகர்கிறது மறதி. அர்த்தமுள்ள விஷயங்கள் இவ்வளவு வேகமாக விழாது. ஆனாலும் வளைவின் வடிவம் அதுதான். முதல் எடுப்பை அன்றோ மறுநாளோ வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அடுத்த எடுப்பு எத்தனை நாள் கழித்து? 2008இல் நிக்கோலஸ் செப்பேடாவும் கூட்டாளிகளும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து இதை அளந்தார்கள். ஒரு வாரத்தில் தேவைப்படுகிற செய்தியை மறுநாள் திருப்பிப் பார்ப்பது நல்ல பலன் தந்தது. 35 நாளில் தேவை என்றால் 11 நாள் இடைவெளி. 70 நாளிலோ ஒரு வருடத்திலோ தேவை என்றால் சுமார் மூன்று வாரம். எவ்வளவு தூரம் சுமக்க வேண்டுமோ அவ்வளவு இடைவெளி விட வேண்டும். ஒரே ராத்திரியில் எட்டுத் தடவை உருப்போட்டது காலையில் இருக்கும், மாதக் கடைசியில் இருக்காது.

இதையெல்லாம் மனக்கணக்காக நிர்வகிக்க முடியாது. அதற்கு ஒரு பெட்டி போதும் என்று 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் காட்டினார். பழைய செருப்பு டப்பா ஒன்று. அட்டையால் தடுத்து ஐந்து அறைகள். சீட்டுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், வீட்டில் குவிந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டினால் கெட்டியான சீட்டு கிடைக்கும். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு, ஐந்தாவதை மாதத்துக்கு. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். பரமபதம் மாதிரி, பாம்பு மட்டும் கொஞ்சம் நீளம்.

பெரும்பாலானவர்கள் இதை இரண்டே வாரத்தில் கைவிடுகிறார்கள். காரணம் சீட்டில் இருக்கிறது. 'பல்லவர் கட்டடக்கலை' என்று எழுதிவிட்டு, மறுபக்கம் பத்து வரி நிரப்பினால் அதைச் சரியாகச் சொன்னோமா தவறாகச் சொன்னோமா என்று தீர்ப்பு சொல்லவே முடியாது. அதை உடைக்க வேண்டும். 'மண்டகப்பட்டுக் குடைவரையை எடுத்த மன்னர் யார்?' மறுபக்கம்: முதலாம் மகேந்திரவர்மன். 'எந்த நான்கு பொருள்கள் இல்லாமல் எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது?' மறுபக்கம்: செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு. ஒரு சீட்டு, ஒரு கேள்வி, ஒரு மூச்சில் சொல்லும் விடை. இரண்டாவது காரணம், ஆரம்ப உற்சாகத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது சீட்டு சேர்ப்பது. அவை எல்லாம் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் கும்பலாகத் திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். நாளைக்குப் பத்துப் புதுச் சீட்டுக்கு மேல் வேண்டாம், பாக்கி விழுந்தால் அது தீரும்வரை புதிது எதுவும் எழுதாதீர்கள். ஆன்கி போன்ற செயலிகள் இதே வேலையைத் தானாகச் செய்கின்றன. ஆனால் இன்னொருவர் எழுதிய சீட்டுகளை இறக்கிப் படிப்பதைவிட, உட்கார்ந்து உடைத்து எழுதுவதே பாதிப் படிப்பு என்பது என் கட்சி.

உள்ளே போகாததை எடுக்க முடியாது

கேஸை மூடினோமா, பூட்டைப் போட்டோமா, கண்ணாடியை எங்கே வைத்தோம்? இவற்றை மறதிக் கணக்கில் எழுதுவது அநியாயம். வேறெதையோ நினைத்துக்கொண்டு கை செய்த காரியம் அது; பதிவே ஆகவில்லை. பதிவாகாததை எந்தப் பயிற்சியாலும் எடுக்க முடியாது. ஜப்பானிய ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துகிறார்கள். கண், கை, வாய், காது நான்கும் ஒரே நொடியில் ஒரே பொருளில் சேரும்போது கவனம் தப்பி ஓட வழியில்லை. வீட்டிலும் அதையே செய்யலாம். ரெகுலேட்டரைத் திருகும்போது அதைத் தொட்டுக்கொண்டே 'சிலிண்டர் மூடியாச்சு' என்று சொல்லுங்கள். பார்க்கிறவர் சிரிக்கட்டும். பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்வதைவிட இது மலிவு.

கவனத்தின் மேடை மிகச் சிறியது. ஒரே சமயத்தில் ஏழு பொருள், இரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். அது தாராளக் கணக்கு. கட்டிச் சேர்க்க வழியில்லாவிட்டால் நான்கைந்துக்கு மேல் நிற்காது என்று 2001இல் நெல்சன் கோவன் திருத்தினார். ஆனால் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிய பொட்டலமாக இருக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. பத்து இலக்கக் கைபேசி எண்ணை ஐந்து ஐந்தாகச் சொல்கிறோம், ஆறு இலக்க ஓடிபியை மூன்று மூன்றாகப் பிரித்தால் பார்த்ததும் நிற்கிறது. பொட்டலம் கட்டும் கலையில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். கர்நாடக சங்கீதத்தின் 72 மேளகர்த்தா ராகங்களுக்கும் வரிசை எண் அந்தப் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்க்கும் ஒரு இலக்கம் உண்டு. மேசகல்யாணியில் 'ம' 5, 'ச' 6. திருப்பிப் படித்தால் 65ஆவது மேளம். மாயாமாளவகௌளையில் 'ம' 5, 'ய' 1, திருப்பினால் 15. எண்ணைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லை. ஒரு பாட்டின் கடைசிச் சொல்லே அடுத்த பாட்டின் முதற்சொல்லாக வரும் அந்தாதியும் இதே குடும்பம். அடுத்து என்ன என்று தடுமாறவே விடாது, முடிந்த இடமே தூண்டில்.

கவனகம் என்று நாம் சொல்லும் அவதானக் கலையையும் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டியவர். முதுகில் விழும் கல்லை எண்ணுவது, மணியோசையை எண்ணுவது, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடுவது, கணக்குப் போடுவது என்று நூறு பேர் கேட்பதற்கு ஈடு கொடுக்கும் கலை அது. 'ஒரே நேரத்தில் நூறு வேலை' என்று இதைச் சொல்வது வழக்கம். மூளை அப்படி வேலை செய்வதில்லை. ஒன்றைத் தொட்டு, அதைத் தயாராக வைத்திருக்கும் மாடத்தில் வைத்துவிட்டு, அடுத்ததற்குப் போய், பிசகாமல் திரும்பி வருவதுதான் அங்கே நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் பழகிய மாடங்கள் அவரிடம் இருந்தன. சமைத்துக்கொண்டே வாட்ஸப் பார்த்து, நடுவில் பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிற நம்மிடம் மாடம் கிடையாது. ஒவ்வொரு தாவலிலும் முந்தைய வேலையின் மிச்சம் ஒட்டிக்கொண்டே வருகிறது. உப்பு இரண்டு தடவை விழுவது அதனால்தான்.

மாடங்களை நாமும் கட்டலாம். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டிரெஸ்லர் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஆட்கள் தினம் அரை மணி வீதம் 40 நாள் இடமுறையைப் பழகினார்கள். 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முன்பு ஏறக்குறைய 26 சொன்னவர்கள், பயிற்சிக்குப் பிறகு 62 சொன்னார்கள். தெரிந்த வழி ஒன்றில் நடந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பொருளை வைப்பதுதான் இடமுறை. அதற்குச் சிவன் கோயில் போல வசதியான இடம் கிடையாது: கோபுரவாசல், கொடிமரம், பலிபீடம், நந்தி, துவாரபாலகர், தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர், வடக்கே துர்க்கை, சண்டிகேசுவரர், கடைசியில் நவகிரகம். சுற்றி வரும் திசை மாறாது, வரிசை மாறாது. கோயிலுக்குப் போகாதவர்கள் தினமும் போகும் பஸ்ஸின் நிறுத்தங்களை வைத்துக்கொள்ளலாம். வாழைப்பழத்தை நந்தி பக்கத்தில் 'வைத்தேன்' என்றால் நிற்காது. நந்தியின் இரண்டு கொம்பிலும் சீப்புச் சீப்பாய்த் தொங்க வேண்டும், அது தலையை ஆட்டி உதற வேண்டும். ஒரே கோயிலில் ஒரே நாளில் இரண்டு பட்டியலை வைக்காதீர்கள், நேற்றைய பருப்பு இன்றைய சோப்பின் மேல் ஆவியாக நிற்கும். ஒரு குறையும் உண்டு. இது வரிசைகளைப் பிடிக்கும் கருவி, பாடத்தைப் புரியவைக்கும் கருவி அல்ல.

இரவில் நடக்கும் கணக்கு

1953இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை அகற்றினார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை அவரால் புதிதாக ஒரு முகத்தையோ ஒரு நாளையோ நினைவில் வைக்க முடியவில்லை. சிறுவயது நினைவுகள் மட்டும் இருந்தன. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை திருந்தியது. ஆனால் முன்பு வரைந்தோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. புதுச் செய்தியை முதலில் வாங்கி வைக்கும் தற்காலிகக் கிடங்கு ஹிப்போகாம்பஸ் என்பதும், பழைய நினைவுகளின் நிரந்தர வீடு வேறு என்பதும் அவரிடமிருந்து கற்றவை.

கிடங்கிலிருந்து வீட்டுக்குச் சரக்கு மாற்றுவதில் பெரும்பகுதி தூக்கத்தில் நடக்கிறது. இரவின் முதல் பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், பின்பாதியில் கனவுத் தூக்கம் அதிகம். இரண்டும் வேண்டும். 'நாலு மணிக்கு எழுந்து படி' என்ற பழைய அறிவுரை எட்டரை ஒன்பதுக்குப் படுத்த காலத்தில் சொன்னது. பன்னிரண்டு மணிக்குப் படுத்துவிட்டு நாலு மணிக்கு எழுப்பினால், அன்று படித்ததையும் நேற்றுப் படித்ததையும் சேர்த்து இழக்கிற ஏற்பாடு அது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும், பதின்வயதினருக்கு எட்டிலிருந்து பத்து. காபியின் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் உள்ள காஃபீனில் பாதி கழியச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணி டிகிரி காபியின் பாதி, இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. தூக்கம் வருவதில் சிரமம் இருப்பவர்கள் கடைசிக் காபியை இரண்டு மணியோடு நிறுத்திப் பார்க்கலாம்.

காது, ரத்தக்குழாய், மாத்திரை டப்பா

மூளைக் கூர்மைக்கு என்று விற்பனையாகும் எதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. மறதி நோயில் சுமார் 45 சதவீதத்தைக் கோட்பாட்டளவில் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அதில் பெரிய பங்கு நடுவயதில் தொடங்கும் கேள்திறன் இழப்புக்கும் கெட்ட கொழுப்புக்கும். பேச்சு அரைகுறையாகக் காதில் விழும்போது அதைப் புரிந்துகொள்வதற்கே மூளை செலவாகிறது. நினைவில் வைக்க மிச்சமில்லை. கொஞ்ச நாளில் 'என்னமோ பேசிக்கிறாங்க' என்று மனிதர் ஒதுங்கிவிடுகிறார். டிவி சத்தத்துக்காக வீட்டில் சண்டை வருகிறதென்றால் கேள்திறன் சோதனைக்கு நேரமாகிவிட்டது. கருவி வாங்கியவர்களில் பலர் முதல் வாரமே அதை மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார்கள், தட்டு விழுவது இடி போலக் கேட்கிறதென்று. மூளை அந்தச் சத்தங்களுக்குப் பழகச் சில வாரம் ஆகும். அதற்குள் இரண்டு மூன்று தடவை போய் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தத்தில், மேல் அளவை 120க்குக் கீழ் வைத்தவர்களுக்கு, 140க்குக் கீழ் வைத்தவர்களைவிட லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2019இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. தள்ளாத வயதில் அழுத்தம் மிகக் குறைந்தால் தலைசுற்றி விழ நேரிடும், அதனால் எந்த அளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நடையைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள், 40 நிமிடம், ஒரு வருடம் வேகமாக நடந்த முதியவர்களின் ஹிப்போகாம்பஸ் இரண்டு சதவீதம் பருத்தது என்ற 2011 ஆய்வை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை டப்பாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கும், சுத்த சைவக்காரர்களுக்கும் பி12 குறையும். மறதி, குழப்பம், பாதத்தில் எரிச்சல், மதமதப்பு என்று அது வெளிப்படும். ரத்தச் சோதனையில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு. ஊசியோ மாத்திரையோ போட்டால் திரும்பக்கூடிய மறதி இது, தாமதித்தால் முழுவதும் திரும்பாது. தைராய்டு சுரப்புக் குறைவும் அப்படித்தான். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன் போன்றவை நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கும். முப்பது வயதுக்காரருக்கு வெறும் தூக்கம். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இரவில் இடமே பிடிபடாத குழப்பம்.

மூளை விளையாட்டுகளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 2010இல் பிபிசி மூலம் 11,430 பேர் ஆறு வாரம் பழகினார்கள். பழகிய விளையாட்டில் தேறினார்கள், மற்றதில் மாற்றமில்லை. மூப்பின் மறதியைத் தடுக்கும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததற்காக லூமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. சுடோகு போட்டால் சுடோகு நன்றாக வரும். பிடித்திருந்தால் போடுங்கள். வல்லாரையும் அப்படித்தான்; துவையல் நன்றாக இருக்கும். 'பிராமி' என்ற பெயரில் சில ஊரில் வல்லாரையையும் சில ஊரில் நீர்ப்பிரமியையும் விற்கிறார்கள், இரண்டும் வேறு வேறு செடி. புட்டியில் வாங்குகிறவர்கள் எது என்று கேட்டு வாங்குங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது நோய். பத்து நிமிடத்துக்கு முன் கேட்ட கேள்வியை, கேட்டதே தெரியாமல் மறுபடி கேட்பது, முப்பது வருடம் நடந்த தெருவில் வழி தவறுவது, பாங்குக் கணக்கு பார்த்தவர் சில்லறைக்குத் தடுமாறுவது, ரசம் வைக்கும் வரிசை கலைவது போன்றவை மாதக்கணக்கில் மெல்லக் கூடிக்கொண்டே வந்தால் நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் மருத்துவரிடமோ போக வேண்டும். சம்பந்தப்பட்டவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார். கூட இருப்பவர் நடந்ததைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போகட்டும். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

நேற்றுவரை நன்றாக இருந்த பெரியவர் இன்று திடீரென்று மகனை அண்ணன் என்கிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார் என்றால் அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் இறக்கம், நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, விழுந்து தலையில் பட்ட அடி, பக்கவாதம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வாய் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் உடனே 108. அவை இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விடிகிறவரை காத்திருக்க வேண்டாம்.